ராஜாக்கண்ணுவின் தங்கக் கம்பி கிதார்

மின்சாரக் கிதாரின் உள்விவகாரம் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மொத்தம் மூன்றே பேர். ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், போன வருஷம் செத்துப்போனார். இன்னொருவர் ஜப்பானில் இருக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தால் கடுதாசி போட்டுக் கேட்பது மலைமேல் இருக்கிற ஜமுனாமரத்தூருக்குத்தான். மூன்றாமவர் அந்த ஊர் மைக் செட் ராஜாக்கண்ணு. ராக்கெட்டில் ஆளை ஏற்றி அனுப்பினானே ரஷ்யாக்காரன், அவன் முதலில் இவரை வந்து பார்த்திருந்தால் பாதிச் செலவில் வேலையை முடித்திருப்பான். இது யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. டீக்கடையில் அவரே சொன்னது.

ஜோலார்பேட்டையில் ஓர் ஆங்கிலோ இந்திய ரயில் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார். கட்டில் போய், பீரோ போய், நாயும் போன பிறகு மிச்சம் கிடந்தது அந்தக் கிதார். ராஜாக்கண்ணு அதை வாங்கி, பஸ் கூரையில் போட மனசு வராமல் மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினார். வளைவுக்கு வளைவு அது பக்கத்து சீட்டுக்காரரின் விலாவில் குத்தியது. "ஆட்டுக்குட்டி கொண்டாந்திருந்தா கூட இந்த இம்சை இல்லயே" என்றார் அவர்.

வந்த அன்றே ராஜாக்கண்ணு அதைக் கொன்றார். மின்சாரக் கிதார் என்றால் மின்சாரம் கொடுக்கத்தானே வேண்டும்? ஆம்ப்ளிபையரைத் திறந்து, கண்ணாடி வால்வுகளுக்கு இருநூற்றைம்பது வோல்ட் போகிற ஒயரில் கிளை பிரித்து, கிதாரின் பிக்கப்பில் நேராக முடுக்கினார். பிக்கப் என்பது ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பி சில ஆயிரம் சுற்று, அவ்வளவுதான். மேலே கிதார் கம்பி அதிர்ந்தால் அதை மோப்பம் பிடித்து ஆம்ப்ளிபையருக்குச் சொல்லும். தீனி கேட்காத பிராணி. அதன் வாயில் இருநூற்றைம்பது வோல்ட்டைத் திணித்தால்? புகை வந்தது.

"சூடு ஏறுது பாரு" என்றார் ராஜாக்கண்ணு பெருமையாக. அப்புறம் நாற்றமும் வந்தது.

அவருக்கு இந்தக் கிதார் எதற்கு என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். பத்து வருஷமாக ஆடித் திருவிழாவில் மைக் கட்டுகிறவர் அவர். ஜெயம்மாள் டீச்சர் பாடுவார், தங்கவேல் ஆர்மோனியம் வாசிப்பார், கூட்டம் அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கும். ராஜாக்கண்ணு பேட்டரிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கரகரவென்று சத்தம் வந்தால் மட்டும் ஜனம் திரும்பிப் பார்க்கும், அதுவும் திட்டுவதற்காக. ஒரே ஒரு தடவையாவது மைக்குக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று அவருக்கு ஆசை. இந்த ஆடியில் தங்கவேலின் இடத்தில் தன் கிதார் என்று முடிவே செய்துவிட்டார்.

செத்த பிக்கப்புக்கு மாற்று செய்யத் தெரிந்தவர் வாணியம்பாடியில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் கலீல். பட்டாளத்து ஹெட்போன் ஒன்றை உடைத்துக் காந்தம் எடுத்து, மனைவி பர்வீனின் தையல் மெஷினில் நூல் சுற்றுகிற சக்கரத்தில் மாட்டி, இரண்டு நாள் உட்கார்ந்து செப்புக் கம்பி சுற்றினார். அந்த இரண்டு நாளும் பர்வீன் ஒரு ஜாக்கெட்டும் தைக்கவில்லை, அவரோடு பேசவும் இல்லை. பார்சலை வாங்கிவரப் போனவன் ராஜாக்கண்ணுவின் அக்கா மகன், எட்டாம் வகுப்பின் மேல் உள்ள பாசத்தால் அதை இரண்டு தடவை படித்தவன். இந்தக் கதையை எழுதுகிற பேர்வழியும் அவனே என்பதால் அவனை அதிகம் புகழாமல் விடுவோம்.

கலீல் பார்சலோடு ஒரு வார்த்தையும் கொடுத்தனுப்பினார்: "கிதாருக்குக் கம்பி இரும்புல தான் போடணும்னு மாமா கிட்ட சொல்லு. பித்தளை போட்டா காந்தம் திரும்பியும் பாக்காது. மறந்துடாதே, இன்னா?"

பேர்வழி மறக்கவில்லை. ஆலங்காயத்தில் பஸ் மாறி, மலை ஏறி, வார்த்தையை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தான். அங்கே மேசைமேல் செங்கத்தில் வாங்கிய புதுத் தந்தி ஆறு சுருள், தங்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. சுத்தப் பித்தளை.

"பழைய கம்பி துரு புடிச்சு கீது. மேடையில இது எப்பிடி ஜொலிக்கும் பாரு" என்றார் ராஜாக்கண்ணு. "தங்கவேலு கிட்டயும் சொல்லிட்டேன். இந்த ஆடிக்கு உன் பெட்டி வாணாம்னு."

"அவரு இன்னா சொன்னாரு மாமா?"

"இன்னா சொல்றது? சரி தம்பின்னாரு. திருவிழாவுக்குன்னு சட்டையை அப்பவே துவைச்சு கொடியில போட்டிருந்தாரு. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு."

தங்கவேல் வருஷம் முழுக்க சாமைக் காட்டில் களை எடுக்கிறவர். ஆடியில் அந்த ஒருநாள்தான் ஊர் அவரை "வாங்க" என்று கூப்பிடும். பேர்வழி பார்சலை மட்டும் மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்தான். பார்சல் வந்து சேர்ந்தது, வார்த்தை வந்து சேரவில்லை.

ராஜாக்கண்ணு நாலு திருகாணியைக் கழற்றி, கருகிய பிக்கப்பை எடுத்துவிட்டு, புதியதை வைத்தார். கரி அடுப்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஈயம் உருக்கி இரண்டு ஒயரையும் பற்றவைத்தார். கை சுட்டது, வேலை சுத்தம். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஸ்குரூ டிரைவரால் பிக்கப்பைத் தட்டியதும் ஒலிபெருக்கிக் குழாய் 'டொக்' என்றது. எதிர்வீட்டுக் கோழி தெறித்து ஓடியது. "ஆச்சு!" என்று ஆம்ப்ளிபையரை அணைத்தார். பேட்டரி தீர்ந்தால் சார்ஜ் ஏற்ற ஆலங்காயம் தூக்கிக்கொண்டு போகவேண்டும். அதனால் தங்கக் கம்பி மாட்டியபின் அவர் வாசித்துப் பார்க்கவே இல்லை.

திருவிழா அன்று உச்சிவேளை. கறுப்புக் கண்ணாடி, படிய வாரிய தலை, மடியில் ஜொலிக்கிற கிதார். ஜனம் மொத்தமும் அவரையே பார்த்தது. பத்து வருஷத்தில் முதல் தடவை. ராஜாக்கண்ணு கண்ணை மூடி ஒரு இழு இழுத்தார்.

குழாயிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். வேறு ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தார். கம்பி அதிர்வது விரலுக்குத் தெரிந்தது, ஊருக்குத் தெரியவில்லை.

"சுருதி குடுங்க" என்றார் ஜெயம்மாள் டீச்சர்.

"குடுத்துக்கினுதான் இருக்கேன் டீச்சர்."

"அப்போ எனக்குத்தான் காது போயிடுச்சா?"

"சூடு ஏறணும் டீச்சர், கொஞ்சம் பொறுங்க."

"பொங்கப் பானை சூடு ஏறி, பொங்கி, எறக்கியும் வெச்சுட்டாங்க. உங்க கிதார் எப்ப பொங்கும்?"

மைக் முன்னால் கேட்டதால் அது மலை முழுக்கக் கேட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜாக்கண்ணுவுக்குக் கண்ணாடிக்குள் வியர்த்தது. ஒயரைப் பிடுங்கிச் சொருகினார், திருகாணியைத் திருகினார், ஆம்ப்ளிபையர் தலையில் ஓர் அடியும் வைத்தார். பின்னால் எங்காவது ஒளிய முடியுமா என்று திரும்பியபோதுதான் பலாமரத்தடியில் தங்கவேல் நிற்பது தெரிந்தது. துவைத்த சட்டை, கக்கத்தில் துண்டு சுற்றிய ஆர்மோனியப் பெட்டி.

ராஜாக்கண்ணு நேராக அவரிடம் போனார். "வேடிக்கை பாக்க வந்தீங்களா?"

"இன்னா தம்பி இப்பிடி கேக்கற? நீதானே முந்தாநேத்து ஆளு அனுப்பி வரச்சொன்ன? கிதார் தனியா இருந்தா எடுப்பா இருக்காது, பெட்டியும் கூட வேணும்னு."

ராஜாக்கண்ணு யாரையும் அனுப்பவில்லை. 'நான் எங்கே சொன்னேன்' என்பது அவர் வாய் வரைக்கும் வந்தது. தங்கவேலின் முகத்தைப் பார்த்தார். மேடையில் டீச்சர் இடுப்பில் கை வைத்து நிற்பதையும் பார்த்தார்.

"ஆமா ஆமா, சொன்னேன். வேலையில மறந்துட்டேன். வாங்கண்ணே."

கிதாரை ஓரமாகச் சாய்த்துவிட்டு, மைக்கைப் பெட்டியின் காற்று வாய்க்கு நேராக இறக்கி, ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். பெட்டி பாடியது, டீச்சர் பாடினார். ராஜாக்கண்ணு பேட்டரிக்குப் பின்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அன்றைக்குக் குழாயில் ஒரு கரகரப்பும் வரவில்லை. அதனால் அவரை யாரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

நாலாம் நாள் ஒரு போஸ்ட் கார்டோடு அக்கா மகனைக் கூப்பிட்டார். அவருக்குப் படிக்க வராது, எந்தக் கடுதாசி வந்தாலும் அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

"கலீல் பாய் போட்டிருக்காரு. படி."

பேர்வழி கணீரென்று படித்தான்: "நலம், நலமறிய ஆவல். பர்வீன் சலாம் சொன்னாள். கிதார் நன்றாகப் பாடியதா? இப்படிக்கு, கலீல்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மாமா."

"நடுவுல ரெண்டு வரி கறுப்பா கீதே, அது இன்னா, எறும்பா?"

"அது... விசாரிப்பு மாமா. எல்லாரும் எழுதறதுதான்."

"காலையில டீச்சர் படிச்சாங்க. அவங்களுக்கு அதுல இரும்புக் கம்பின்னு ஒண்ணு தெரிஞ்சுது. 'உங்கள் மருமகனிடம் சொல்லி அனுப்பினேனே'ன்னு இன்னொண்ணும் தெரிஞ்சுது." ராஜாக்கண்ணு வாசலில் போய்க் குறுக்கே நின்றுகொண்டார். "குடுத்த சேதியை முழுங்கினே. குடுக்காத சேதியை தங்கவேல் அண்ணன் வூட்டுக்குக் கொண்டுபோனே. சரி, இப்ப நான் ஒரு சேதி குடுக்கறேன். அடுத்த ஆடிக்கும் பெட்டியோட வரணும்னு அவர் கிட்ட போய் சொல்லு. இது நெஜமாவே நான் சொல்றது."

பேர்வழி தப்பித்தோம் என்று எழுந்தான்.

"எங்க ஓடற? மொதல்ல அந்த ரெண்டு வரியைப் படி. சத்தமா."