எமில்டா அக்கா தெரிந்தெடுத்த முதுகுப்பை

நெடுந்தீவிலிருந்து வரும் படகில் நடுக்கடலில் தொலைபேசிக்குச் சிக்னல் இருக்காது. குறிகட்டுவான் இறங்குதுறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போதுதான் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் செய்திகள் வந்து விழும். அன்று எனக்கு வந்தது ஒரே ஒரு வரி. "அக்கா எங்களை விட்டுப் போட்டா." எமில்டா அக்காவின் தம்பி அன்ரன் அண்ணை எழுதியிருந்தார். நாங்கள் நெடுந்தீவை விட்டுப் புறப்பட்ட கையோடு அவர் அதை அனுப்பியிருக்கிறார். அப்படியென்றால் கடலில் இருந்த அவ்வளவு நேரமும் எனக்கு மட்டும் அக்கா உயிரோடு இருந்திருக்கிறார். படகு ஆட ஆட, அரைத் தூக்கத்தில், அடுத்த ஞாயிறு எதைச் சொல்லி அவரைச் சீண்டலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அந்த நேரத்தை நான் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.

ஞாயிறுகளில் கூடும் எங்கள் படம் எடுப்போர் வட்டத்துக்கு அவரை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஊர்காவற்றுறையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். நான் மருந்து கட்டிக் கொடுத்த அதே வைத்தியசாலையில் எக்ஸ்ரே எடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு பழைய மீடியம் ஃபோமற் கமரா ஒன்றை வாங்கினார். பெரிய பிலிம் போடுகிற இரும்புக்குட்டி அது. கழுத்தில் மாட்டினால் கழுத்தே கழன்றுவிடும். கண்ணருகே பிடிப்பதில்லை, மேலிருந்து குனிந்து அதன் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். "இதுக்குள்ளை பாரும். போற படகு வாற மாதிரி இருக்கு" என்று எனக்குக் காட்டினார். நானும் குனிந்து பார்த்தேன். இப்போதும் சில நேரம் கண்ணை மூடினால் அந்தப் படகு வந்துகொண்டிருக்கிறது.

எல்லோரும் விடியலையும் மாலையையும் படம் எடுக்க, அக்கா உச்சி வெயிலில்தான் போவார். தீவுகளுக்கிடையில் கடல் ஆழமில்லாத இடங்களில், அந்த நேரத்தில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகிவிடும். அவருடைய படங்களைப் பார்த்து, "அக்கா, இதிலை ஒண்டும் இல்லையே?" என்று முதலில் கேட்டவன் நான்தான். "இருக்கு. கொஞ்ச நேரம் நிண்டு பாரும்" என்றார். நின்றேன். வெள்ளைக்குள் எங்கோ தூரத்தில் ஒரு மனிதர் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தார். எங்கே போகிறார் என்று தெரியவில்லை. அவருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.

கமராவையும் லென்சுகளையும் ஓர் அலுமினியப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமப்பார். அந்தப் பெட்டியை வேறு ஒருவரும் தொடக்கூடாது. ஒருமுறை அன்ரன் அண்ணை உதவி என்று நினைத்து அதைத் தூக்கப் போக, அக்கா பறித்துக்கொண்டார். "உன்ர கையிலை உப்பு." சின்ன வயதிலேயே கடலில் இறங்கி உழைத்து அக்காவைப் படிப்பித்த கை அது. அதற்குப் பிறகு அண்ணை அந்தப் பெட்டிப் பக்கம் போனதேயில்லை. எங்கள் அக்கா அந்த விஷயத்தில் கொஞ்சம் கொடுமைக்காரிதான்.

பிறகு முள்ளந்தண்டு பழிவாங்கியது. தன்னுடைய எக்ஸ்ரே படத்தைத் தானே யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "படம் நல்லா விழுந்திருக்கு. ஆள்தான் சரியில்லை" என்றார். தோளில் பாரம் ஏற்றவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "போதும் அக்கா, கமராவை அலுமாரிக்குள்ளை வையுங்கோ" என்று அன்ரன் அண்ணை மன்றாடினார். "அதை உள்ளுக்கு வைச்சா நானும் அதோடை உள்ளுக்குத்தான்." இதை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. பாரத்தை இடுப்பில் இறக்கும் நல்லதொரு முதுகுப்பை கிடைத்தால் தொடரலாம், இல்லாவிட்டால் அந்த வெள்ளைக் கடல் அவருக்கு முடிந்தது. அதுதான் நிலைமை.

யாழ்ப்பாணத்துக் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கமராவை வெளியே எடுக்காமல், அதே பாரத்துக்கு உப்புப் பைக்கற்றுகள் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு பையிலும் உப்பை நிரப்பி, முதுகில் மாட்டி, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினார்.

"அம்மா, இது வெளிநாட்டுச் சாமான். பாரமே தெரியாது" என்றார் கடைக்காரர்.

"தம்பி, எனக்குத் தெரியுது. பட்டி இடுப்பெலும்பிலை இருக்கவேணும். இது வயித்திலை இருக்கு."

இன்னொன்று முன்பக்கத்தால் திறப்பது. சேற்றில் வைத்துத் திறந்தால் முதுகில் படும் பக்கமெல்லாம் ஊறிவிடும் என்று தள்ளிவிட்டார். முதுகுப் பக்கத்தால் திறக்கும் ஒன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை மாட்டிக்கொண்டு படியில் பாதி ஏறியவர் கைபிடிச் சுவரைப் பற்றியபடி நின்றார். முகம் வெளிறியிருந்தது. கீழே வந்து அதைக் கழற்றி வைத்தபின் ஒரு படிகூட ஏறவில்லை. மீதிப் பைகளின் கைப்பிடிகளை மட்டும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கடைசியில் மேலே, இரண்டு பக்கமும், அடியிலும் அகலமான கைப்பிடி தைத்த ஒரு மண்ணிறப் பையை எடுத்தார்.

"இது பையோ, மீன் கூடையோ?" என்று கேட்டேன். அவர் காசை எண்ணிக் கொடுத்தார். ஆள் களைத்துப்போனார், கையில் கிடைத்ததை வாங்குகிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பையோடு நெடுந்தீவுக்குப் போன முதல் நாள், அன்ரன் அண்ணைதான் எங்களை ஓட்டோவில் குறிகட்டுவானுக்குக் கொண்டுவந்து விட்டார். அங்கே படகில் ஏறுவது எப்படியென்று எல்லோருக்கும் தெரியும். அரிசி மூட்டை, வாழைக்குலை, காஸ் சிலிண்டர் எல்லாம் நிற்பவர்களின் கைகளால் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுக்குள் போகும். யாருடைய சாமான் என்று யாரும் கேட்பதில்லை. அக்கா முன்பெல்லாம் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி இந்த வரிசைக்கு விலகிப் போய் ஏறுவார். அன்று தம்பியிடம் திரும்பி, பையைக் காட்டினார்.

"இதை நீ கொண்டு போ."

அண்ணை தன் கைகளைப் பார்த்தார். இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். "கையிலை உப்பு, அக்கா."

"இருக்கட்டும்."

அவர் அதை மேல் கைப்பிடியில் தூக்கி அடுத்தவரிடம் கொடுத்தார். அந்த மனிதர் பக்கக் கைப்பிடியைப் பிடித்து ஒரு பெண்ணிடம், அந்தப் பெண் படகுக்காரரிடம். நான் பதறிப்போய்ப் பின்னால் ஓடினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடும். அதுக்குத்தானே கைப்பிடி பாத்து வாங்கினனான். என்ர முதுகாலை இனி ஏலாது எண்டு அந்தப் படியிலையே தெரிஞ்சு போச்சு."

பிறகு வெறும் கையை வீசிக்கொண்டு படகில் ஏறினார். அப்படி அவர் நடந்து நான் பார்த்ததேயில்லை. அன்று உச்சி வெயிலில், நெடுந்தீவுக் கரையில் யாரோ சுமந்து வந்து வைத்த பையிலிருந்து கமராவை எடுத்து, வெகுநேரம் குனிந்து நின்றார். சுற்றிலும் எல்லாம் வெள்ளை. அவருடைய நிழல்கூடக் காலடிக்குள் ஒதுங்கியிருந்தது. காற்றில் பேச்சுக்குரல் ஒன்று வந்து வந்து போனது. நான் மணலில் இருந்தபடியே தூங்கிவிட்டேன். அக்கா எழுப்பியபோது பிலிம் சுருள் முடிந்திருந்தது. அதன்பின் வந்த படங்கள் எல்லாமே அப்படிப் பலர் கைமாறிப் போய் எடுத்தவைதான்.

செத்தவீட்டுக்கு நான் போனபோது வளவு நிறைந்திருந்தது. தீவுகளிலிருந்து வந்த பலரை எனக்குத் தெரியாது. அவர்களில் ஒரு பெண், தான் அக்காவின் பையைத் தூக்கியிருப்பதாகச் சொன்னார். இன்னொருவரும் சொன்னார். பிரேதப் பெட்டியைத் தேவாலயத்துக்கு எடுக்கும் நேரம் வந்தது. முன்கைப்பிடியில் அன்ரன் அண்ணை நின்றார். நான் ஒதுங்கி நின்றதைக் கண்டு, "வாரும், பிடியும்" என்றார். எனக்கும் ஒரு கைப்பிடி கிடைத்தது. கோயில் வாசல்வரை கைகள் மாறிக்கொண்டே இருந்தன.

கமராவும் பையும் இப்போது அன்ரன் அண்ணை வீட்டில் இருக்கின்றன. அவர்தான் வைத்திருக்க வேண்டும். என்னிடம் அக்காவின் பொருள் எதுவும் இல்லை. அந்தப் பிரேதப் பெட்டியின் கைப்பிடி என் உள்ளங்கையில் இருந்த நேரம் மட்டும் இருக்கிறது. அக்காவைத் தூக்கிக்கொண்டு நடந்தேன், பாரமே தெரியவில்லை.