எலி நீந்திய தண்ணீர்

சின்னவன் பிறந்த பிறகு உங்கள் அம்மா மாதக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பற்றி அத்தைகள் உங்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு மருந்துக் கல்லூரியில் எலிக்கூடம் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே ஓர் ஆராய்ச்சி மாணவர், வல்லாரைச் சாறு ஞாபக மறதிக்கும் மனச்சோர்வுக்கும் கேட்குமா என்று டாக்டர் பட்டத்துக்காகச் சோதித்துக்கொண்டிருந்தார். ஞாபகத்துக்கு, பலகையில் செய்த சந்துகளில் எலியை ஓடவிட்டார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மனச்சோர்வுக்குச் செய்ததுதான் கூத்து.

உயரமான கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றி எலியைப் போடுவார். ஏற முடியாது. கையைக் காலை உதைத்துப் பார்க்கும். பிறகு மூக்கை மட்டும் மேலே வைத்துச் சும்மா மிதக்கும். மிதந்தால் அதற்கு நம்பிக்கை போய்விட்டதாம். எத்தனை விநாடி மிதந்தது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்தால் எலியின் துக்கத்தை அளந்தாயிற்று! மருந்து குடித்த எலி கூடுதலாக உதைத்தால் மருந்து ஜெயித்தது. ஒருநாள்கூட எலிக்குத் தீனி வைக்காத மனுஷர் அதன் மனசைப் படித்துவிட்டார்.

ஒவ்வொரு எலிக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். காலையில் மருந்து குடிக்காத எலிகள். மாற்றி மாற்றி ஊற்றினேன். மத்தியானம் வல்லாரை குடித்தவற்றின் முறை வந்தபோது கரண்ட் இல்லை, தொட்டியும் காலி.

"சார், நாளைக்கு வெச்சிக்கலாமே."

"நாளைக்கு புரொபசர் வர்றாருபா. அதே தண்ணியில போடு."

காலையில் கடைசியாக நீந்திய எலி பயத்தில் கழித்ததெல்லாம் அந்தத் தண்ணீரில் கிடந்தது. அடுத்தடுத்து விழுந்தவை பேயைப் பார்த்த மாதிரி உதைத்தன.

"சார், முன்னாடி போனது பயந்துக்கினு மூத்திரம் வுட்டிருக்குது. அந்த நாத்தத்துக்குத்தான் இதுங்க துள்ளுதுங்க. மருந்தால இல்ல சார்."

"நீ கூண்டு கழுவுற ஆளுதானே? போய்க் கழுவு."

மறுநாள் புரொபசர் மூக்கில் கைக்குட்டையோடு வாசலிலேயே நின்று கணக்கைப் பார்த்தார். "அருமை" என்றார். போண்டா சாப்பிடப் போய்விட்டார்.

வீட்டில் உங்கள் அம்மா பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அடுப்பை அணைக்க மாட்டாள். குழந்தைக்கு ஊசி போட வந்த நர்ஸம்மா, பெரியாஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டச் சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது. தெருவில் பைத்தியக்காரி புருஷன் என்பார்களே என்று நான் தள்ளிப் போட்டேன்.

புரொபசர் வந்துபோன அன்று சாயங்காலம், மிச்சமிருந்த வல்லாரைச் சாற்றை அந்த மாணவரிடம் கேட்டேன். "தாராளமா குடுபா, ரிசல்ட் பிரமாதம்" என்று பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

"இது இன்னாது?" என்றாள் அம்மா.

"காலேஜ்ல டெஸ்ட் பண்ண மருந்து. மனசுக்கு நல்லது."

"எலிங்களுக்கு நல்லாச்சா?"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் என்னைக் கேட்ட கேள்வி. பொய் வரவில்லை. தண்ணீர் கதையை முழுசாகச் சொன்னேன்.

"எல்லாம் தெரிஞ்சிக்கினு எனக்கு ஏங்க எடுத்தாந்தீங்க?"

நான் பாட்டில் மூடியை இறுக்கித் திருகினேன்.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவ வெக்கம். அதானே?"

அந்த மாணவரை இன்றும் நான் மதிப்பதில்லை. ஆனால் அவர் தன் மருந்தை நம்பினார். நம்பாமலே பெண்டாட்டிக்குக் கொண்டுவந்தவன் நான். அவரைவிட மட்டமானவன்.

மறுநாள் காலை அவளே தலை வாரிக்கொண்டு கிளம்பினாள். செவிலிமேடு பஸ் ஸ்டாப்பில் எதிர்வீட்டு அம்மா, "காலங்காத்தால எங்கம்மா?" என்றாள்.

"மனசு சரியில்லக்கா. டாக்டராண்ட போறேன்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் நின்ற நான், அவளோடு வந்தவன் இல்லை என்பது போல, வராத பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.