லயத்துக்கு முகவரி இல்லை

பதுளையில் முப்பது வருடம் சட்டத்தரணியாக இருந்த என் அப்பா அழகுமுத்து, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அந்த லயத்துக்கு முகவரி கிடையாது. கடிதங்கள் தோட்ட ஆபீஸுக்குப் போகும். அங்கே எவருக்காவது மனம் வந்தால்தான் கைக்கு வரும். சட்டக் கல்லூரி அப்பாவுக்கு அனுப்பிய கடிதம் அங்கே நான்கு மாதம் கிடந்தது. அவருக்கு ஒரு வருடம் பாழ்.

அதன்பின் அவர் தபாலை நம்பவில்லை. ஞாயிறுதோறும், என் சிறுவயதில் என்னையும், பிறகு என் மகள் துஷாந்தினியையும் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறி, தன் கட்சிக்காரர்களின் வழக்குத் திகதிகளை லயத்து வாசல்களில் நேரே சொல்லிவிட்டு வருவார். என் கல்யாணம் நடந்த ஞாயிறன்றும் தாலி கட்டியதும் கிளம்பிவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடைசி மாதம் அவருடைய முழங்கால் மடங்க மறுத்தது. வேறு வழியில்லாமல் தபாலில் எழுதினார்.

அவருடைய கருமாதிக்கு மறுநாள், தான் குடியிருக்கும் லயத்து அறைக்காக, அந்தக் காம்பராவுக்காக வழக்காடும் மூக்காயி அக்கா கடிதத்தோடு வந்தார்.

"நேத்துதாங்க ஆபீஸ்ல குடுத்தாங்க."

வாங்கிப் படித்தேன். 'பயப்படாமல் கோர்ட்டுக்கு வாருங்கள். நான் இருப்பேன்.' அதில் குறித்திருந்த வழக்குத் திகதி போய் ஒன்பது நாளாகியிருந்தது.

அக்கா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

"ஐயா உள்ளதானங்க இருக்காங்க?"