அக்கா முதலில் கேட்கும் கேள்வி

அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேரின் வயிற்றை அக்காவின் உள்ளங்கை அறியும். உங்களுக்கே அவரைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

இண்டூரில் பிறந்து மாரண்டஹள்ளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாமா இடுப்பு ஒடிந்து படுத்த மூன்று வருடமும் மண்டியில் தக்காளி தரம் பிரித்தே இரண்டு பையன்களையும் படிக்க வைத்தார். எவ்வளவு களைப்பிலும், வயிற்றுவலி என்று யாராவது பிள்ளையைத் தூக்கி வந்தால், “இருங்க, கையைக் கழுவிட்டு வந்துடறேன்” என்பார். விளக்கெண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, தொப்புளைச் சுற்றி மெல்ல வட்டமிடுவார். கூடவே கண்டக்டர் குரல்: “உள்ள யாருடா பஸ் ஓட்டறது? மாரண்டஹள்ளி எறங்கு, எறங்கு!” பிள்ளை சிரிக்கிற சிரிப்பில் காற்று பிரிந்துவிடும். “பாரு, எறங்கிட்டான்!”

அந்தக் கைக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. அது என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது. விடிந்ததிலிருந்து பேதியும் வாந்தியும். தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று நானும் என் மனைவியும் ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. அக்கா தொட்டுப் பார்த்து, “குடல் ஏறியிருக்குடா தம்பி” என்று எண்ணெய் தடவ ஆரம்பித்தார். குழந்தை துவண்டு கிடந்தாள். வலி அடங்கிவிட்டது என்று நாங்கள் மகிழ்ந்தோம். உச்சி வேளையில் வாயைத் திறந்து அழுதாள். கண்ணில் நீரே வரவில்லை. அக்காவின் கை நின்றது.

“ஒண்ணுக்குப் போனாளா?”

“காலையிலிருந்து போகலைங்க அண்ணி” என்றாள் என் மனைவி.

“தண்ணி?”

“குடுக்கலைங்க. குடுத்தா இன்னும் போகுமேன்னு…”

“அடப்பாவிங்களா! உங்களைச் சொல்லி என்ன, நானும் எண்ணெயைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கேனே!”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பாலக்கோடு பஸ்ஸில் வழி நெடுக ஸ்பூனால் தண்ணீர் விட்டுக்கொண்டே வந்தார். உடம்பில் நீர் வற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் என் மகள் அக்கா மடியிலேயே ஒன்றுக்குப் போனாள். நனைந்த சேலையோடு அக்கா எழுந்து நின்று, “எல்லாரும் பாருங்க, நனைச்சுட்டா!” என்று வார்டே கேட்கக் கத்தினார்.

அன்றிலிருந்து வயிற்றைத் தொடும் முன் அந்தக் கேள்விதான். எண்ணெய்ப் பாட்டில் பக்கத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்கள் வந்தன. காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு பொட்டலத்தை முழுதாகக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லுவார். ஒன்றுக்குப் போகவில்லை, ரத்தம் கலந்து போகிறது, வாந்தி நிற்கவில்லை, வயிறு கல்லாக இருக்கிறது என்றால் தொடவே மாட்டார், ஆட்டோவைக் கூப்பிடுவார். தன் தவற்றை மறைக்கவும் மாட்டார். “என் கை அன்னிக்கு அரை நாளை முழுங்கிடுச்சுங்க. நீங்க முழுங்க வுடாதீங்க” என்பார். ‘ஒண்ணுக்கு அக்கா’ என்று கேலி செய்தவர்களிடம், “பட்டம் இருக்கட்டும், பதிலைச் சொல்லு” என்பார்.

சிறுநீரகம் கைவிட்ட கடைசி நாட்களில் நர்ஸம்மா தினமும் அதையே கேட்டு எழுதிக்கொள்வார். “பாத்தியாடா தம்பி, என் கேள்வியை எனக்கே போடறாங்க” என்று அக்கா சிரித்தார்.

அந்த நர்ஸம்மாவுக்கும், முறை வைத்துக் கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று எங்கும் நிறுத்தாமல் பஸ்ஸை ஓட்டிய பெயர் தெரியாத டிரைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

பதினாறாம் நாள் காரியத்தன்று, பொம்மிடியிலிருந்து வந்த உறவுக்காரப் பிள்ளை ஒன்று பாயசத்தை அளவில்லாமல் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதது. பந்தலின் நாலு மூலையிலிருந்தும் ஒரே நேரத்தில் குரல் வந்தது: “ஒண்ணுக்குப் போச்சா?”

அழுத கண்ணோடு எல்லோரும் சிரித்துவிட்டோம்.

“இப்பத்தாங்க போனான்” என்றாள் அதன் தாய்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் எழுந்தாள். “இருங்க, கையைக் கழுவிட்டு வந்துடறேன்.”