எங்கள் வீட்டுப் பள்ளியில் ஒன்றாம் நம்பர்

"நல்லதை மட்டும் எழுதுக்கா" என்று கேட்டுக்கொண்டுதான் தம்பிகள் அப்பாவின் நினைவு மலரில் இந்தப் பக்கங்களை என்னிடம் கொடுத்தார்கள். அப்பாவிடம் நல்லது நிறையவே உண்டு. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், விவசாயக் குடும்பத்தின் கடைசி மகனாகப் பிறந்தவர் அப்பா. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பட்டறைகளில் தொழில் பழகி, திருச்சியில் பெரிய தொழிற்சாலை வந்தபோது ஃபிட்டராகச் சேர்ந்தார். ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்தில் வாடகை வீடு. கம்பெனி பஸ்ஸை அவர் தவறவிட்டு நாங்கள் பார்த்ததில்லை. குடிக்கமாட்டார். எங்கள் ஒருவர் மீதும் கை வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழு பிள்ளைகளையும் வரிசையாக உட்காரவைத்து அவரே நகம் வெட்டிவிடுவார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், ஐந்தாவது பிள்ளையான தம்பி சேகர் பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்தான். அவனுக்குத் திக்குவாய். பாடம் ஒப்பிக்கத் தெரியவில்லை என்று ஒரு வாரமாக அவனை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். அப்பா போய்க் கேட்டார். "வாய் வராத பையனை வச்சுக்கிட்டு நாங்க என்னங்க பண்றது?" என்று பதில் வந்ததாம்.

அந்த ஞாயிறு மதியம் சாப்பாட்டின்போது அப்பா சொன்னார்: "இவனுக்கு இல்லாத ஸ்கூல் நம்ம வீட்டுல யாருக்கும் வேண்டாம். எல்லாரும் வீட்டுலேயே படிங்க. நான் பாத்துக்கறேன்."

 நான் மூத்தவள், ஒன்பதாம் வகுப்பில் முதல் ராங்க். "நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதணும்ப்பா" என்றேன். அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து என் தலைமேல் வைத்தார். "பிரைவேட்டா எழுதலாம்மா. இந்த வீட்டுல முதல்ல எழுதறது நீதான்." சரி என்றேன். நான் சரி என்றதால் மற்றவர்களும் சரி என்றார்கள்.

தொழிற்சாலை எப்படி நடக்குமோ அப்படியே எங்கள் பள்ளியும் நடந்தது. கூடத்துச் சுவரில் பலகை அடித்து, தகரத்தில் ஏழு வட்டங்கள் வெட்டி, எண் பொறித்து மாட்டினார் அப்பா. பாடத்துக்கு உட்காரும்போது அவரவர் டோக்கனை 'வெளியே' ஆணியிலிருந்து எடுத்து 'உள்ளே' ஆணியில் மாட்ட வேண்டும். என்னுடையது ஒன்றாம் நம்பர். அவருடைய ஷிஃப்ட்டைப் பொறுத்து எங்கள் நேரமும் வாரத்துக்கு வாரம் மாறும். பட்டறையில் பழைய ஆள் புது ஆளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, பெரியவர் சின்னவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இதைக் கேட்டு அக்கம்பக்கத்தார் மெச்சினார்கள். நடந்தது என்னவென்றால், கணக்கு, இங்கிலீஷ், பூகோளம் எல்லாம் ஆறு பேருக்கும் நான்தான். சேகருக்கு மட்டும் தினம் ஒரு மணி நேரம் தனியாக. அவன் ஒரு வரி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாம் ஆண்டு நானும், அடுத்தவனான ரவியும் சேர்ந்தே எழுத ஏற்பாடு. இருவர் விண்ணப்பத்தையும் ஒரே நாளில் பூர்த்தி செய்து, போட்டோ ஒட்டிக் கொடுத்தோம். அப்பா ரவியைக் கூட்டிக்கொண்டு பணம் கட்டப் போனார். ஹால் டிக்கெட் ரவிக்கு மட்டும் வந்தது.

"வயசுல ஏதோ தகராறாம்மா. உன்னுதைத் திருப்பிட்டாங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

நம்பினேன். தேர்வு நாட்களில் தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு ரவியோடு பஸ்ஸில் போய், வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். வெளியே வந்ததும் கேள்வித்தாளை நீட்டினான். எனக்குத் தெரியாத கேள்வி ஒன்றுகூட இல்லை.

அடுத்த ஆண்டும் அதே வயசுத் தகராறு. அதற்கடுத்த ஆண்டு நான் கேட்கவில்லை. கடைசித் தங்கையும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு வரன் பார்த்தார்கள். திருவானைக்காவலில் வாழ்க்கைப்பட்டேன். அங்கிருந்தும் தினம் மதியம் வந்து டோக்கனை உள்ளே மாட்டினேன்.

கடைசித் தங்கையும் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய பிறகு, சென்ற ஆண்டு தில்லை நகர் மருத்துவமனையில் அப்பா படுத்திருந்தார். நானும் ரவியும் பக்கத்தில் இருந்தோம். திடீரென்று, "உன் அப்ளிகேஷனை நான் கட்டவே இல்லைம்மா" என்றார். ரவி எழுந்து ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டான். அவனுக்கும் தெரிந்திருந்தது. அலுவலக வாசலில் என்னுடையதை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அக்காகிட்ட சொல்லாதே" என்றாராம். பத்து வருஷத்துக்கு மேல் என் கையால் சாப்பிட்டுக்கொண்டே சொல்லாமல் இருந்திருக்கிறான்.

மூன்று நாள் நான் மருத்துவமனைப் பக்கம் போகவில்லை. நான்காம் நாள் போய், "ஏன்ப்பா?" என்று கேட்டேன்.

"எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பே. பாஸ் பண்ணா காலேஜுக்குப் போறேம்பே. இவங்களுக்கெல்லாம் யாரும்மா இருக்கா?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமேப்பா. நான் இருந்திருப்பேனே."

 ஒரு வாரத்தில் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன் என்பது உண்மை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்தாரே, அதைத்தான் இந்த ஒரு வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை. அம்மாவுக்குத் தெரியுமா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அப்பாவின் கடைசி நாட்களில் ரத்தம் கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும், முகம் சுளிக்காமல் கவனித்த நர்சுகளுக்கும், தோள் கொடுத்த சந்துக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சேகருக்கு என் தனி நன்றி. விஷயம் தெரிந்த அன்றே வந்து, "அ... அக்கா, எ... என்னை மன்னிச்சிரு" என்று முழுசாகச் சொல்லி முடித்தவன், தவறே செய்யாத அவன் ஒருவன்தான்.

இந்த மலரின் அட்டையில், 'ஏழு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்து எஸ்.எஸ்.எல்.சி. தேறச் செய்தவர்' என்று அச்சாகியிருக்கிறது. நான் பார்ப்பதற்குள் அச்சு முடிந்துவிட்டது. அன்புகூர்ந்து பேனா எடுத்து, ஏழு என்பதை அடித்துவிட்டு ஆறு என்று திருத்திக்கொள்ளுங்கள்.