ஒன்பதாம் மாடியில் ஒரு விளையாட்டு

சின்ன வயதில் விளையாடிய விண்வெளி விளையாட்டைப் போன சனிக்கிழமை கணினியில் திரும்ப இறக்கினேன். விண்கலத்தின் கதவு அதே இரும்புச் சத்தத்தோடு திறந்தது.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. நாடு விட்டு வந்து, டோர்செட் பார்க் என்ற இடத்தில் ஒரு கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். ஊரில், வன்னியில் சண்டை முடிகிற கிழமை அது. அம்மாவின் தங்கச்சி, என் சின்னம்மா, அங்கே அகப்பட்டிருந்தா.

சண்டையை நிறுத்தச் சொல்லி நடந்த ஊர்வலத்துக்குப் போகுமுன் அம்மா சொன்னா: "பிள்ளை, போனடியில இரு. சின்னம்மா கோல் எடுத்தாலும் எடுப்பாள்."

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடினேன். கடைசிக் கட்டத்தை முடித்துவிட்டுப் பார்த்தால், தொலைபேசியில் மூன்று அழைப்புகள் தவறிக் கிடந்தன. மூன்றும் ஒரே நம்பர், வெளிநாட்டு நீள நம்பர். திருப்பி எடுத்தேன், போகவில்லை. பயத்தில் மூன்றையும் அழித்தேன்.

பின்னேரம் அம்மா சப்பாத்தைக் கழற்றாமலே கேட்டா: "எடுத்தவளே?"

"இல்லையம்மா."

அதற்குப் பிறகு சின்னம்மாவைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை.

போன சனிக்கிழமை, விளையாட்டின் சத்தம் கேட்டு அம்மா என் அறை வாசலுக்கு வந்தா.

"உது நீ அந்த நேரம் எந்நாளும் விளையாடினதெல்லே?"

"ஓம் அம்மா."

அம்மா திரையைப் பார்த்தா. "கடைசியா எனக்கு ஒரு கோல் எடுக்க அவளுக்கு மனம் வரேல்லை, பார்."

நான் சத்தத்தைக் குறைத்தேன்.