மாமாவின் கப்பல் இங்கிலீஷ்

பி.யு.சி. முதல் வாரத்தில் இயற்பியல் வாத்தியார் முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். அதில் எனக்குப் புரிந்தது, வருகைப் பதிவில் என் எண்ணைக் கூப்பிட்டது மட்டும்தான். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழில் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். கடலுக்குப் போகும் அப்பாவிடம் படிப்பைப் பற்றி எது கேட்டாலும், "நல்லாப் படிலே" என்பார்.

வீட்டில் எனக்காகச் செய்யாதது இல்லை. நான் புத்தகத்தை எடுத்தால் ரேடியோவை நிறுத்துவார்கள். தங்கைகள் வாயைத் திறந்தால் அம்மா அதட்டுவாள். அந்த அமைதியில் ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாமல் ஒருநாள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"இங்கிலீஷ்தானலே? அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க? உன் மாமன் இருக்காம்லா!"

கப்பலில் வேலை பார்க்கும் அம்மாவின் தம்பி விடுப்பில் வந்திருந்தார். மறுநாள் சாயங்காலமே வெள்ளைச் சட்டையும் சென்ட் வாசனையுமாக வந்து உட்கார்ந்தார். நான் காட்டிய பத்தியை உதடு அசைய வாசித்தார். புத்தகத்தை மூடிவிட்டார்.

"முதல்ல பேசப் பழகணும், மருமவனே."

நங்கூரம் இறக்க, இன்ஜினை நிறுத்த, கப்பலில் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பித்தார். "லெட் கோ ஆங்கர்" என்று நானும் திருப்பிச் சொன்னேன். அடுக்களையிலிருந்து அம்மா பூரித்துப்போய் எட்டிப் பார்த்தாள்.

மூன்று வாரம் இப்படியே போனது. முதல் பரீட்சையில் இங்கிலீஷிலும் இயற்பியலிலும் தேறவில்லை. அன்று மாமா வந்ததும் கத்திவிட்டேன்.

"எனக்கு நங்கூரம் வேண்டாம் மாமா! இந்தப் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, அதச் சொல்லுங்க."

அவர் முகம் சுருங்கியது. "எனக்குத் தெரியாதுலே," என்றார் மெதுவாக. "அக்காட்ட அத எப்படிச் சொல்ல?"

அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. நான் கத்தியதுதான் விழுந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேறு வழியில்லாமல், இங்கிலீஷில் பாடம் புரியவில்லை என்று இயற்பியல் வாத்தியாரிடமே போய் நின்றேன். "இத முதல் நாளே வந்து சொல்லியிருக்கலாம்லா?" என்று கடிந்துகொண்டார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. அப்படிப் போய்க் கேட்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தெரியும்? ஆனாலும் அவர், வகுப்பு முடிந்தபின் என்னை உட்காரவைத்து, முக்கியமான சொற்களுக்கெல்லாம் தமிழில் பொருள் சொன்னார். நாலைந்து மாதத்தில் பாடம் பிடிபட்டது. அடுத்த பரீட்சையில் தட்டுத்தடுமாறி இங்கிலீஷ், இயற்பியல் இரண்டிலும் தேறினேன்.

"எல்லாம் என் தம்பி சொல்லிக்குடுத்தது," என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னாள். மாமா அதற்குள் கப்பலுக்குத் திரும்பியிருந்தார்.

"மாமனுக்கு ஒரு கடுதாசி போடுலே. இங்கிலீஷ்லயே எழுது, சந்தோசப்படுவான்."

அவருக்கு அதை வாசிக்க வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, எரிச்சலோடு உட்கார்ந்து, தமிழில் எழுதினேன்.